மூன்று கேம், ஒரே கதை: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாஸ் எஃபெக்ட் என்ற விண்வெளி வீடியோ கேமில், விர்மைர் கோளின் கடற்கரையில் நம் தோழன் ரெக்ஸ் துப்பாக்கியை நம் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நிற்பான். அவனுடைய குரோகன் இனத்தில் குழந்தைகள் உயிரோடு பிறப்பதையே அரிதாக்கிவிட்ட ஜீனோஃபேஜ் என்ற நோய்க்கு அங்கே மருந்து இருக்கிறது. நாமோ அந்த இடத்தையே வெடிவைத்துத் தகர்க்கப் போகிறோம். பேசிச் சமாதானப்படுத்தாவிட்டால் ரெக்ஸ் அந்த மணலிலேயே செத்துப்போவான். இது 2007-இல் வந்த முதல் மாஸ் எஃபெக்ட். அன்று எடுத்த முடிவுக்கான கணக்கு, 2012-இல் வந்த மூன்றாவது கேமில்தான் தீர்க்கப்படுகிறது.

கனடாவின் எட்மண்டன் நகரத்து பயோவேர் நிறுவனம் உருவாக்கிய தொடர் இது. ஒரு கேமின் சேவ் ஃபைலை அடுத்த கேமுக்குக் கொண்டுபோகலாம். யார் பிழைத்தார்கள், யாரைக் கைவிட்டோம் என்பதெல்லாம் கூடவே வரும். அறிவியல் புனைகதையில் மூன்று பாகக் கேம் எழுத நினைக்கும் எவருக்கும் இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை, இதன் தவறுகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கதையின் முடிவுகள் எல்லாம் கீழே வரும். இன்னும் ஆடாதவர்கள் ஆடிவிட்டு வந்து படியுங்கள்.

முதல் தவறுதான் மிகப் பெரியது. மையக் கேள்விக்கான விடையை முடிவுசெய்யாமல் முதல் பாகத்தை வெளியிட்டுவிடுவது. ரீப்பர்கள் என்ற இயந்திரங்கள் 50,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து, முன்னேறிய உயிரினங்களை எல்லாம் அழித்துவிட்டுப் போகின்றன. ஏன்? முதல் கேமில் சாவரின் என்ற ரீப்பர், அது உங்கள் புத்திக்கு எட்டாது என்ற தோரணையில் பேசிவிட்டுப் போய்விடும். கேட்கும்போது உடம்பு சிலிர்க்கும். ஆனால் எழுதுபவருக்குமா அது எட்டாமல் இருப்பது?

இரண்டாவது கேமில், தோழி டாலியைத் தேடி ஹேஸ்ட்ராம் கோளுக்குப் போகும்போது அங்குள்ள சூரியன் காலத்துக்கு முன்பே முதுமையடைவதைப் பார்க்கிறோம். இருண்ட ஆற்றல் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று காத்திருந்தோம். மூன்றாவது கேமில் அந்த இழை அப்படியே அறுந்துவிட்டது. முதல் கேமின் தலைமை எழுத்தாளர் ட்ரூ கார்பிஷின், அது பரிசீலனையில் இருந்த யோசனைகளில் ஒன்று, முழுதாக உருவாகவில்லை என்று பின்னாளில் சொன்னார்.

கடைசியில் வந்த விடை வேறு. செயற்கை அறிவு தன்னைப் படைத்தவர்களை எப்படியும் ஒழித்துவிடும், அதைத் தடுக்கவே இந்த அறுவடை என்று கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு புதுப் பாத்திரம் வந்து சொல்கிறது. அதற்குச் சில மணி நேரம் முன்புதான், கெத் இயந்திரங்களுக்கும் அவற்றைப் படைத்த குவேரியன்களுக்கும் நான் சமாதானம் செய்துவைத்திருந்தேன். என் கையால் நடந்ததே அந்த விடையை மறுக்கிறது, அதை எடுத்துச் சொல்ல கேமில் எனக்கு வழியில்லை! ரசிகர்களின் கோபம் 2012 ஜூனிலேயே முடிவை விரித்துச் சொல்லும் இலவச இணைப்பை வெளியிட வைத்தது. விளக்கம் கூடியது, விடை மாறவில்லை. விடையை முதல் பாகத்துக்கு முன்பே ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். பிறகு மாற்றலாம், ஆனால் எதை மாற்றுகிறோம் என்றாவது தெரியும்.

அடுத்தது, கிளைகளை எண்ணாமல் தேர்வுகளை அள்ளிக் கொடுப்பது. ஆம், இல்லை என்று இரண்டே வழியுள்ள பத்துத் தேர்வுகள் கொடுத்தால் 1,024 நிலைமைகள். மாஸ் எஃபெக்ட் 2-இன் கடைசித் தாக்குதலில், டிஎல்சி எனப்படும் கூடுதல் பகுதிகளோடு சேர்த்துப் பன்னிரண்டு தோழர்களில் யார் வேண்டுமானாலும் சாகலாம். ஆடும்போது நெஞ்சு படபடக்கும் பகுதி அது, எனக்கு மிகவும் பிடித்ததும்கூட. ஆனால் செத்திருக்கக்கூடிய ஒருவரை நம்பி அடுத்த பாகத்தின் மையக் காட்சியை எழுத முடியாது. அந்தப் பன்னிரண்டு பேரில் மூன்றாவது கேமின் நிரந்தர அணிக்குத் திரும்பியவர்கள் காரஸும் டாலியும் மட்டுமே. மற்றவர்கள் ஆளுக்கொரு பகுதியில் தலைகாட்டிவிட்டுப் போனார்கள்.

இதைவிட வருத்தம் தருவது, தேர்வைக் கொடுத்துவிட்டு அழித்துவிடுவது. முதல் கேமின் முடிவில் விண்மீன் மண்டல ஆட்சிக்குழுவில் மனிதர்களுக்கான கவுன்சிலர் பதவிக்கு கேப்டன் ஆண்டர்சனைப் பரிந்துரைத்திருந்தாலும், மூன்றாவது கேமில் அந்த நாற்காலியில் தூதராக இருந்த உடினாதான் இருப்பார். பூச்சி போன்ற ரக்னி இனத்தின் ராணியைக் கொன்றிருந்தாலும் ரீப்பர்கள் இன்னொன்றைச் செய்து வைத்திருப்பார்கள். இந்த இரண்டாவதில் மட்டும் ஒரு நியாயம் உண்டு: அந்தப் போலி ராணியை நம்பிக் காப்பாற்றினால் அது பின்னால் துரோகம் செய்யும். காட்சி ஒன்றானாலும் விளைவு வேறு. செலவைக் குறைக்க வேண்டுமானால் இப்படிக் குறையுங்கள்.

சரி, நடுப் பாகத்துக்கு வருவோம். மாஸ் எஃபெக்ட் 2-ஐப் பலரும் தொடரிலேயே சிறந்தது என்பார்கள்; ஆட்களைச் சேர்ப்பதும் அவர்கள் மனத்தை அறிவதும் அவ்வளவு அழகு. ஆனால் ரீப்பர்களை வெல்வதற்கான வழி அதில் ஓர் அடிகூட நகரவில்லை. அதனால் மூன்றாவது கேம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில், செவ்வாய்க் கோளின் பழைய ஆவணங்களில் க்ரூசிபிள் என்ற ஆயுதத்தின் வரைபடம் திடீரென்று அகப்படுகிறது. அதை இரண்டாவது கேமில் ஒரு வதந்தியாகவாவது காதில் போட்டிருக்கலாம்.

இணைப்புப் பாலத்தை வெளியே கட்டுவதும் இதே வகைதான். மூன்றாவது கேமின் தொடக்கத்தில், நாம் ஆடும் பாத்திரமான ஷெப்பர்ட் ஏன் பூமியில் பதவி பறிக்கப்பட்டு இருக்கிறார் என்பதற்கான முழுக் கதையும் அன்று தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த அரைவல் டிஎல்சியில் இருந்தது. அதை ஆடாதவர்கள் விழித்தார்கள்.

சின்ன விஷயம் ஒன்று: உலகத்தின் விதியை மாற்றினால் பழைய வசனங்களையும் தேடிப் பாருங்கள். முதல் கேமில் துப்பாக்கிகளுக்குத் தோட்டாக் கணக்கே இல்லை, சூடாகும், ஆறும். இரண்டாவதில், சுடச் சுடத் தீர்ந்துபோகும் தெர்மல் கிளிப் வந்துவிட்டது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் வந்த கண்டுபிடிப்பு என்று காரணமும் சொன்னார்கள். அப்புறம் அதே கேமில், பத்து ஆண்டுகளாக வெளியுலகத் தொடர்பே இல்லாமல் மாட்டிக்கொண்டவர்களின் கோளிலும் தெர்மல் கிளிப்புகள் சிதறிக் கிடக்கின்றன.

இத்தனைக்கும் பிறகு நான் இந்தத் தொடரைத் திரும்பத் திரும்ப ஆடுவது, மூன்றாவது கேமில் குரோகன்களின் தாய்க்கோளான டுசாங்காவில் வரும் காட்சிக்காக. ஜீனோஃபேஜ் மருந்தைப் பரப்ப நம் தோழரான விஞ்ஞானி மோர்டின் ஒரு கோபுரத்தின் உச்சிக்குப் போக வேண்டும். ரெக்ஸ் உயிரோடு இருந்தால் மருந்தைக் கொடுக்கத்தான் மனம் சொல்லும். விர்மைரில் அவன் செத்திருந்தால், போர்வெறி பிடித்த ரீவ்தான் தலைவன்; அவனை நம்பி மருந்தைக் கொடுக்கத் தயக்கம் வரும். இரண்டாவது கேமில் மோர்டினின் பழைய மாணவன் மேலனின் ஆய்வுத் தரவுகளை அழித்திருந்தால், குரோகன்களை நல்வழியில் நடத்தக்கூடிய ஈவும் பிழைக்க மாட்டாள். இந்த இரண்டும் சேர்ந்தால் மட்டுமே மோர்டினிடம் பேசி நிறுத்த முடியும், அவரும் உயிர் தப்புவார். மற்றபடி அவரைத் தடுக்க முதுகில்தான் சுட வேண்டும். தடுக்காவிட்டால், மெல்லப் பாடிக்கொண்டே வேலையை முடித்து, வெடித்துச் சிதறும் கோபுரத்தோடு போய்விடுவார். கோபுரம் ஒன்று, லிஃப்ட் ஒன்று, அதன் கதவு மூடுவதற்குள் சொல்ல வேண்டிய வார்த்தை மட்டும் ஐந்து வருடத்துக்கு முன் அந்தக் கடற்கரையில் முடிவானது.