ராட்டினத்துக்கும் அளவெடுக்கணும்

பழைய வண்ணாரப்பேட்டையில் 22 வருஷமாக லேடீஸ் டெய்லர் கடை வைத்திருக்கிறேன். என் எடை 114 கிலோ, உயரம் 5 அடி 2 அங்குலம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே எழுதியிருப்பது முழுக்க இந்த உடம்போடு போய், உட்கார்ந்து பார்த்து, நான் தெரிந்துகொண்டது.

நாலு வருஷத்துக்கு முன்னால் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போனேன். ரோலர் கோஸ்டருக்கு முக்கால் மணி நேரம் வெயிலில் வரிசை. ஏறி உட்கார்ந்ததும் தோளுக்கு மேலிருந்து இறங்கும் பாரை ஆபரேட்டர் பையன் அழுத்தினான். பார் இறங்கியது, ஆனால் அதைச் சீட்டோடு பிணைக்கிற பெல்ட் எட்டவில்லை. இன்னொரு பையன் வந்தான். ரெண்டு பேருமாக அழுத்தினார்கள். எனக்கு மூச்சு முட்டியது. "லாக் ஆவலக்கா, எறங்கிடுங்க" என்றான். வண்டியில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க இறங்கினேன். "நீ இல்லாம நான் போவல சித்தி" என்று அவளும் இறங்கிவிட்டாள். ஆசையாக வந்த பிள்ளைக்கு ராட்டினம் போச்சே என்று அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

அந்தப் பையன் செய்தது சரி. பூட்டு விழாத சீட்டில் யாரையும் அனுப்பக் கூடாது. என் வருத்தமெல்லாம், முக்கால் மணி நேரம் கழித்துத் தெரிந்ததை ஏன் முதல் நிமிஷத்திலேயே தெரிந்துகொள்ள முடியவில்லை என்பதுதான். ஒரு ஜாக்கெட் தைக்கவே பத்துப் பன்னிரண்டு அளவு எடுக்கிறவள் நான். இரும்புச் சீட்டில் போய் உட்கார ஒரு அளவும் எடுக்காமல் போயிருக்கிறேன்.

அதனால் முதலில் இன்ச் டேப்பை எடுங்கள். சாதாரண டேப் 60 அங்குலம்தான் இருக்கும். பத்தாவிட்டால் 120 அங்குல டேப் கடையில் கிடைக்கிறது. நின்றுகொண்டு எடுத்த அளவு இதற்கு உதவாது. உட்கார்ந்தால் இடுப்பு பரவும், தொடை அகலும், வயிறு மடிமேல் வரும். சுவரோடு ஒட்டிப் போட்ட கெட்டியான ஸ்டூலில், முதுகு சுவரில் படும்படி உட்காருங்கள். இடுப்புக்கு இரண்டு பக்கமும் ஒரு தடிப் புத்தகத்தை நிமிர்த்தி, அழுத்தாமல் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு புத்தகத்துக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் உங்கள் உட்கார்ந்த அகலம். எனக்கு அது 20 அங்குலம். அடுத்து, ஸ்டூல் பலகையிலிருந்து தொடையின் மேல்பாகம் வரை எத்தனை உயரம். மூன்றாவது, சுவரிலிருந்து வயிற்றின் முன்பக்கம் வரை. நாலாவது, சுவரிலிருந்து மார்பின் முன்பக்கம் வரை. நாலையும் போனில் குறித்து வையுங்கள்.

ஏன் நாலு? ஒரே எடையில் என் கடைக்கு வரும் இரண்டு பேருக்கு ஒரே பேட்டர்னில் வெட்ட முடியாது. ஒருத்தருக்கு எல்லாம் இடுப்பில், இன்னொருத்தருக்கு மார்பிலும் வயிற்றிலும். ராட்டினமும் அப்படித்தான் ஆளைப் பார்க்கும். சீட்டின் இரண்டு பக்கமும் தடுப்பு எழுப்பிக் கிண்ணம் மாதிரி செய்திருந்தால் இடுப்பு அகலம்தான் கேள்வி. மடிமேல் இறங்கும் பார் என்றால் தொடையும் வயிறும். தோள்மேல் பார் என்றால் மார்பு. அதனால்தான் என்னைவிட 20 கிலோ குறைந்த ஒருவருக்குப் பூட்டாதது எனக்குப் பூட்டியிருக்கிறது. "எத்தனை கிலோ வரைக்கும் ஏறலாம்?" என்று மட்டும் கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும். "சீட்டுல ரெண்டு பக்கமும் தடுப்பு இருக்கா? பார் மடியிலயா, தோள்லயா? பெல்ட்டோட நீளம் கூட்ட முடியுமா?" என்று கேளுங்கள்.

இதை டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் போனிலேயே கேட்கலாம். போனில் தெரியவில்லை என்றால், உள்ளே போனதும் வரிசையில் நிற்காமல் வெளியேறும் வாசல் பக்கம் போய் ஆபரேட்டரைக் கூப்பிடுங்கள். "தம்பி, ஆள் எறங்கினதும் ஒரு நிமிஷம் அந்தச் சீட்டுல உக்காந்து பாத்துக்கட்டுமா? லாக் ஆனா போய் வரிசையில நிக்கறேன்" என்று நான் கேட்பேன். கூட்டம் இல்லாத நேரத்தில் பெரும்பாலும் சரி என்பார்கள். கூச்சமாகத்தான் இருக்கும். முதல் தடவை எனக்குக் குரலே எழும்பவில்லை. ஆனால் ஒருத்தர் முன்னால் ஒரு நிமிஷம் கூச்சப்படுவது, ஒரு வண்டி ஜனத்துக்கு முன்னால் இறங்குவதைவிட எவ்வளவோ மேல்.

அமெரிக்காவில் ஆர்லாண்டோவில் இருக்கும் யுனிவர்சல் பூங்காக்களில் பெரிய ராட்டினங்களின் வாசலிலேயே ஒரு மாதிரிச் சீட்டைப் போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்து, பாரை இழுத்துப் பார்த்துவிட்டு வரிசைக்குப் போகலாம். அங்கே 2010-ல் திறந்த ஹாரி பாட்டர் சவாரியில் உடம்பு பெருத்தவர்கள் பலருக்குப் பூட்டு விழவில்லை. பிறகு ஒவ்வொரு வரிசையிலும் ஓரத்துச் சீட்டுகளை மாற்றி அமைத்தார்கள். சில ரோலர் கோஸ்டர்களில் குறிப்பிட்ட ஒன்றிரண்டு சீட்டுகளில் மட்டும் பெரிய உடம்புக்காக இரட்டை பெல்ட் வைத்திருப்பார்கள். நம் ஊரில் மாதிரிச் சீட்டை நான் போன இடத்தில் எங்கும் பார்த்ததில்லை. ஒரு பழைய சீட்டை வாசலில் போட்டு வைக்க என்ன பெரிய செலவு ஆகிவிடும்? போகும் இடமெல்லாம் கருத்துப் புத்தகத்தில் இதை எழுதிவிட்டுத்தான் வருகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

உட்காரும் முறையிலேயே இரண்டு அங்குலம் மிச்சம் பிடிக்கலாம். முதலில் புட்டத்தைச் சீட்டின் கடைசி வரை தள்ளி, முதுகை நேராக வைத்த பிறகுதான் பாரைத் தொட வேண்டும். முன்னால் சரிந்து உட்கார்ந்தால் வயிறு பாருக்கு நேராக வந்துவிடும். பெல்ட்டை வயிற்றின் மேல் போடாதீர்கள். வயிற்றை ஒரு கையால் லேசாகத் தூக்கி, அடியில், தொடை மடியும் இடத்தில் போடுங்கள். மூச்சை எக்கி அடக்கிக்கொண்டு மட்டும் பூட்டாதீர்கள். மூச்சு விட்டதும் பார் அழுத்தும். சில வண்டிகளில் ஓடும்போது அது இன்னும் ஒரு பல் இறங்கிவிடும், நின்ற பிறகுதான் திறக்கும். சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டே பூட்டு விழ வேண்டும். விழாவிட்டால் இறங்கிவிடுங்கள். "பரவாயில்லக்கா, புடிச்சிக்கோங்க" என்று யாராவது சொன்னால் அந்த ராட்டினத்தில் கண்டிப்பாக ஏறாதீர்கள்.

இன்னொன்று, இதைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் போலிருக்கிறது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பார் இறங்கும் வண்டிகளில் சின்னப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். பார் பெரிய உடம்பில் பட்டு நின்றுவிடும். பிள்ளையின் மடிக்கும் பாருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருக்கும். வண்டி தூக்கிப் போட்டால் பிள்ளை அதன் வழியாக நழுவிவிடலாம். ஊஞ்சல் மாதிரி ஆடுகிற கொலம்பஸ் கப்பல் ராட்டினத்தில் இதைக் கண்ணால் பார்த்து, கிளம்புவதற்குள் கத்தி நிறுத்தினேன். அன்றிலிருந்து அக்கா மகளைத் தன் வயசுப் பெண்ணோடு உட்கார வைத்துவிட்டு, நான் பின் வரிசையில் இன்னொரு பெரிய ஆளோடு உட்காருவேன்.

பழகிக்கொள்ள எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நல்ல இடம் தீவுத்திடல். வருஷா வருஷம் சுற்றுலாத் துறை நடத்தும் பொருட்காட்சியில் ராட்டினத்துக்குத் தனித்தனி டிக்கெட். அதனால் ஏற முடியாததற்குப் பணம் போகாது. ஜெயன்ட் வீல் தொட்டியில் ஆபரேட்டர் உங்களை வேறு தொட்டிக்கு மாற்றினால் மனசு நோகாதீர்கள். எதிரெதிர்த் தொட்டியில் பாரம் சமமாக இருந்தால்தான் சக்கரம் ஒழுங்காகச் சுற்றும், எல்லாரையுமே அப்படித்தான் பார்த்து ஏற்றுவார்கள். ஒரே திசையில் வேகமாகச் சுற்றுகிற ராட்டினத்தில் கனமானவர் வெளிப்பக்கம் உட்கார வேண்டும். சுற்றும் வேகம் எல்லாரையும் வெளியே தள்ளும். நாம் உள்பக்கம் இருந்தால் பக்கத்து ஆள்மேல் நம் முழுப் பாரமும் இறங்கிவிடும். டேஷிங் காரில் ஸ்டீயரிங் வயிற்றில் இடிக்கும், எனக்கு அது பிடிப்பதில்லை, விட்டுவிடுவேன்.

தண்ணீர் விளையாட்டுதான் நம் உடம்புக்குச் சொர்க்கம். தண்ணீருக்குள் முழங்கால் வலியும் தெரியாது, எடையும் தெரியாது. அலைக் குளத்தில் மணிக்கணக்கில் கிடப்பேன். சறுக்குகளில் மட்டும் பலகையைப் படியுங்கள். ஒரு ஆளுக்கு இத்தனை கிலோ, டியூபில் மொத்தம் இத்தனை கிலோ என்று போட்டிருக்கும். இங்கே எடைதான் கணக்கு. கனமான உடம்பு கூடுதல் வேகத்தில் இறங்கும், கீழே நிறுத்தும் தண்ணீர் ஓட்டம் அளவாகத்தான் இருக்கும். போகிற வாரம் எடை பார்த்துக்கொள்ளுங்கள். நாலைந்து மாடிப் படி ஏற வேண்டிய சறுக்குகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள், சாயந்திரம் முழங்கால் ஒத்துழைக்காது. டியூபிலிருந்து எழ முன்பக்கமாக எம்பாதீர்கள். பக்கவாட்டில் புரண்டு, முழங்காலைத் தரையில் ஊன்றி, பிறகு எழுங்கள்.

உடைதான் பலரைத் தண்ணீரில் இறங்கவிடாமல் தடுக்கிறது. பருத்தி கூடாது, நைலான் மாதிரித் துணிதான் போட வேண்டும் என்பார்கள். வாடகைக்குத் தருகிற உடையில் நம் அளவு அநேகமாக இருக்காது. கரையில் சேலையோடு உட்கார்ந்து பிள்ளைகளின் பையைக் காத்துக்கொண்டிருக்கும் பெண்களைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்கும். தைத்துக்கொள்ளுங்கள், அம்மா! எங்கள் பக்கத்துத் துணிக்கடைத் தெருவான எம்.சி. ரோட்டைச் சுற்றினால் இழுத்தால் நீளும் நைலான் லைக்ரா துணி கிடைக்கும். வாங்கும்போது ஓரத்தை நனைத்து, இழுத்து, லைட்டுக்கு நேராகப் பிடியுங்கள். விரல் தெரிந்தால் வேண்டாம். அடர் நீலமோ கருப்போ எடுங்கள். சுற்றளவு 50 அங்குலம் என்றால் நான் 45-க்கு வெட்டுவேன், தண்ணீரில் துணி தொங்காமல் இருக்க அது அவசியம். முழங்கால் வரை கால்சட்டை, அதன்மேல் தொடை மறைய நீளமான டாப், முட்டிக்கை. கவட்டில் நாலு தையலும் ஒரே புள்ளியில் சேராமல் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். கிழிவதும் உரசுவதும் அங்கேதான். பாலியஸ்டர் நூல், ஜிக்ஜாக் தையல். சாதாரண நேர்த்தையல் போட்டால் முதல் சறுக்கிலேயே நூல் அறுந்துவிடும். ஜிப், கொக்கி, உலோகப் பட்டன் எதுவும் வேண்டாம்.

தொடை உரசல் நமக்கெல்லாம் தெரிந்த வேதனை. பவுடர் போட்டால் வியர்வையில் கட்டியாகி இன்னும் அறுக்கும். வாஸ்லினைத் தொடை நடுவிலும் மார்புக்கு அடியிலும் தடவிக்கொள்ளுங்கள், மதியம் மறுபடி ஒரு தடவை. காய்ந்த உள்ளாடை இரண்டு செட் பையில் இருக்கட்டும். உலர்ந்த ராட்டினங்களுக்கு ஈர உடையோடு போகாதீர்கள். துப்பட்டாவை லாக்கரில் வைத்துவிடுங்கள், தாலிச் செயினை உள்ளே போட்டுக்கொள்ளுங்கள். சாயந்திரம் கால் வீங்கும், அதனால் பட்டை தளர்த்தக் கூடிய செருப்புதான் சரி.

எப்போது போவது? செவ்வாய், புதன், வியாழன். மே 4 வாக்கில் தொடங்கும் அக்னி நட்சத்திரத்தில் வேண்டாம், காணும் பொங்கலன்று வேண்டவே வேண்டாம். நான் ஜனவரிக் கடைசியில் போவேன். ஈ.சி.ஆரில் ஈஞ்சம்பாக்கத்து வி.ஜி.பி. பூங்காவுக்கோ முட்டுக்காட்டு எம்.ஜி.எம். பூங்காவுக்கோ போக எங்களுக்கு ஒரு வழி, கடற்கரை நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறித் திருவான்மியூரில் இறங்குவது. படி நிறைய, நேரம் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். அங்கிருந்து ஷேர் ஆட்டோ என்றால் இரண்டு சீட்டுக்குக் காசு கொடுத்துவிடுவேன், யாரோடும் மல்லுக்கட்ட வேண்டாம். 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லா பூங்கா திறந்திருக்கிறது. வடசென்னையிலிருந்து அது தூரம். நாலு பேராகச் சேர்ந்து கார் வைத்துக்கொள்வதுதான் உடம்புக்கு நல்லது. காலையில் கேழ்வரகுக் கூழ் குடித்துவிட்டுக் கிளம்பினால் மதியம் வரை தாங்கும். வெளிச் சாப்பாட்டை உள்ளே விட மாட்டார்கள். பி.பி., சுகர் மாத்திரை இருந்தால் டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டோடு கையில் வையுங்கள். இதய நோய், முதுகுத் தண்டுவடக் கோளாறு இருப்பவர்கள் ஏறக் கூடாது என்று பலகையில் போட்டிருக்கும், அது எல்லா உடம்புக்கும் பொருந்தும். சாப்பாட்டு இடத்தில் கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தவிர்த்து பெஞ்சைத் தேடுங்கள்.

போன ஜனவரியில் அக்கா மகளுக்கு 15 வயசு. மூன்று ராட்டினத்தில் ஆபரேட்டரிடம் முதலிலேயே கேட்டேன். ஒன்றில் ஆகாது என்றார், இரண்டில் பூட்டு விழுந்தது. இரண்டாவதில் மேலே போய் நின்றபோது தூரத்தில் கடல் தெரிந்தது. "சித்தி, கண்ணத் தொற!" என்று அவள் கத்தினாள். தொறந்துதான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு அசதியானாலும் அந்த உடையை அன்று ராத்திரியே நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசிவிடுங்கள். குளோரின் இழுவையைத் தின்றுவிடும். பிழியாமல், ஒரு துண்டில் சுருட்டித் தண்ணீரை ஒற்றி எடுத்து, நிழலில் காயப் போடுங்கள்.