1913-ஐ அழைக்கும் முன் அந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள்

சென்னையில் தெருப் பிரச்சினை எதுவானாலும் 1913-க்குச் சொல்லலாம் என்று பலருக்கும் தெரியும். மாநகராட்சியின் எண் அது, இரவு பகல் எப்போதும் கூப்பிடலாம், 'நம்ம சென்னை' செயலியிலும் படத்தோடு போடலாம். ஆனால் அது யாருடைய வேலை என்று பார்க்காமல் போட்ட புகார் துறை துறையாக அலைந்துவிட்டுக் கடைசியில் 'எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்று மூடப்படும். அதனால் முதலில் அந்த இடத்துக்குப் போய் நின்று பாருங்கள்.

குழப்பம் அதிகம் வருவது தண்ணீரில்தான். எல்லாவற்றையும் 'டிரெயினேஜ் அடைப்பு' என்றே சொல்லிவிடுகிறோம், ஆனால் தரைக்கு அடியில் ஓடுபவை இரண்டு. தெரு ஓரமாக கான்கிரீட் பலகை போட்டு மூடியிருப்பது மழைநீர் வடிகால், அது மாநகராட்சியுடையது. சாலையில் வட்ட மூடி போட்டிருப்பது பாதாளச் சாக்கடை, அது குடிநீர் வாரியத்துடையது, அதற்கு 1916. மழையே இல்லாத நாளில் வட்ட மூடியைச் சுற்றி நாற்றத்தோடு கறுப்பாகப் பொங்கினால் யோசிக்கவே வேண்டாம், 1916. மழை விட்டும் தெருவில் தண்ணீர் வடியாமல் நின்றால் 1913. வெயில் காலத்திலும் மழைநீர் வடிகாலுக்குள் சாக்கடை ஓடுகிறதா? யாரோ வீட்டுக் குழாயை அதில் இணைத்திருக்கலாம். இரண்டு பக்கமும் புகார் போட்டு, ஒரு புகாரின் எண்ணை மற்றதில் குறிப்பிடுங்கள்.

தண்ணீர் நிற்கிறது என்று மட்டும் எழுதாதீர்கள். வடிகாலுக்குள் நீர் இறங்கும் வாய் எங்கே இருக்கிறது, அதில் குப்பை அடைத்திருக்கிறதா, புதிதாகச் சாலை போட்டபோது அதன்மேல் தாரை ஊற்றி மூடிவிட்டார்களா என்று பார்த்து அதை எழுதுங்கள், வருகிறவர் மண்வெட்டியோடு வர வேண்டுமா, கடப்பாரையோடு வர வேண்டுமா என்பது அதில்தான் இருக்கிறது. அப்புறம் ஒரு விஷயம், அடைப்பு எடுக்க யாரையும் குழிக்குள் இறங்கச் சொல்லாதீர்கள், இறக்கினால் தடுத்து நிறுத்துங்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது, நம் அவசரத்துக்காக ஒருவர் உயிர் போகக் கூடாது. இயந்திரம் வரட்டும், ஒரு நாள் தாமதமானாலும் சரி.

இடத்தைச் சொல்லும்போது தெருப் பெயர் மட்டும் போதாது. ஊர் முழுக்க காந்தி தெருவும் பிள்ளையார் கோயில் தெருவும் இருக்கின்றன, நகரத்தில் 200 வார்டுகள். வார்டு எண், எதிர்வீட்டுக் கதவு எண், பக்கத்து மின்கம்பத்தில் எழுதியிருக்கும் எண், இந்த மூன்றும் இருந்தால் தேடி வருகிறவர் திரும்பிப் போக மாட்டார். படம் இரண்டு எடுங்கள், பழுது மட்டும் தெரிய ஒன்று, சுற்றியிருக்கும் கடையோ கோயிலோ தெரியும்படி ஒன்று.

சாலைப் பள்ளம் என்றால் உட்தெருவுக்கு 1913 போதும், ஆனால் அண்ணா சாலை மாதிரிப் பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பில் இருப்பவை. முதலமைச்சர் உதவி மையமான 1100-க்கு அழைத்துத் துறையின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் தெருவில் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டால், வேலை நடக்கும்போதே படம் எடுத்துப் புகார் கொடுங்கள். பிறகு சொல்லிப் பயனில்லை, அடுத்த மழையில் தெருத் தண்ணீர் வீட்டுக்குள் வரும்.

மரத்தில் பொறுமை வேண்டும். கிளை மின்கம்பியில் உரசினால் மின்வாரியத்தின் 94987 94987, மரம் விழுந்தாலோ சாய்ந்தாலோ 1913. 'மரத்தை வெட்டுங்கள்' என்று எழுதாமல் எந்தக் கிளை, எந்தப் பக்கம் சாய்கிறது என்று எழுதுங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்களை ஒரே நாளில் இழந்த ஊர் இது. வேர் பரவ இடமில்லாமல் அடிமரம் வரைக்கும் கான்கிரீட் போட்டிருந்தால் அதைப் பெயர்க்கச் சொல்லுங்கள், அடித்த ஆணிகளைப் பிடுங்கச் சொல்லுங்கள். இவையும் புகார்தான், ஆனால் இதற்கெல்லாம் யாரும் கூப்பிடுவதில்லை.

இதையெல்லாம் ஜூலை, ஆகஸ்டிலேயே செய்யுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் எல்லாத் தெருவும் ஒரே நேரத்தில் கூப்பிடும்.

புகார் எண் வந்ததும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேலை நடக்காமலே முடிந்துவிட்டது என்று குறுஞ்செய்தி வந்தால் கோபத்தில் விட்டுவிடாதீர்கள், அன்றைய தேதியோடு புதுப் படம் எடுத்து, பழைய எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி போடுங்கள், வார்டு உதவிப் பொறியாளரையும் கவுன்சிலரையும் அந்த எண்ணோடு நேரில் பாருங்கள், முடிந்தால் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு. அப்படியும் அசையவில்லையா? 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, அந்தப் புகார் எண் மேல் எந்தத் தேதியில் என்ன வேலை செய்யப்பட்டது என்று கேளுங்கள். 30 நாளுக்குள் அவர்கள் எழுத்தில் பதில் தர வேண்டும்.