அயர்லாந்துல ஓட்டுப் போட ஐரிஷ் பாஸ்போர்ட் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க

அயர்லாந்துல இருக்குற நம்ம ஆளுங்க நிறைய பேரு சிட்டிசன்ஷிப் கிடைச்சாதான் ஓட்டுன்னு நினைச்சுட்டு இருக்காங்க, அது பாதிதான் சரி. கவுன்சில் தேர்தல்ல, அதாவது உள்ளாட்சித் தேர்தல்ல, 18 வயசு ஆகி இங்கயே குடியிருக்குற யாரு வேணா ஓட்டுப் போடலாம், எந்த நாட்டு பாஸ்போர்ட்னு பாக்குறதில்ல, வேட்பாளரா நிக்கக்கூட செய்யலாம். 1999ல அரசியலமைப்புல சேர்த்த 28ஏ பிரிவுலயே, குடிமக்களோட சேர்த்து சட்டம் சொல்ற மத்தவங்களுக்கும் இந்த ஓட்டு உண்டுன்னு இருக்கு. போன கவுன்சில் தேர்தல் 2024ல நடந்துச்சு, அடுத்தது 2029.

மத்த தேர்தல் அப்படி இல்ல. டாயில்னு சொல்ற பாராளுமன்றக் கீழ்சபைக்கு ஐரிஷ் குடிமக்களும் பிரிட்டிஷ் குடிமக்களும் போடலாம். ஜனாதிபதி தேர்தலும் ரெஃபரெண்டமும் (மக்கள்கிட்ட நேரடியா கேக்குற வாக்கெடுப்பு) ஐரிஷ் குடிமக்களுக்கு மட்டும்.

முதல்ல வோட்டர் டாட் ஐஈ (voter.ie) சைட்டுக்குப் போங்க, பிபிஎஸ் நம்பர் (அரசு ஒவ்வொருத்தருக்கும் தர்ற அடையாள எண்), பிறந்த தேதி, வீட்டு ஏர்கோட் (தபால் குறியீடு) இருந்தா போதும், பதிவு பண்ணிடலாம். தேர்தலுக்கு 15 நாள் முன்னாடியே முடிச்சிடணும், ஞாயித்துக்கிழமையும் அரசு விடுமுறையும் அந்தக் கணக்குல சேராது, அதனால கடைசி வாரம்னு தள்ளிப் போடாதீங்க. இன்னொன்னு, இத நிறைய பேரு கோட்டை விடுறாங்க: சிட்டிசன்ஷிப் வாங்கின உடனே அதே சைட்டுல போய் குடியுரிமை விவரத்த மாத்துங்க, இல்லன்னா ஓட்டர் லிஸ்ட்ல பழையபடி கவுன்சில் ஓட்டு மட்டும்தான் இருக்கும், டாயில் தேர்தல் அன்னிக்கு போய் நின்னா ஓட்டுச் சீட்டு தர மாட்டாங்க.

இனி ஓட்டுச் சீட்டுல எப்படி எழுதறதுன்னு பாப்போம். டிக் போடாதீங்க, பிடிச்சவருக்கு 1, அடுத்தவருக்கு 2, அப்புறம் 3ன்னு போயிட்டே இருங்க. ஒரு தொகுதிக்கு பல இடம் இருக்குறதால ஜெயிக்க ஒரு கோட்டா, அதாவது இத்தனை ஓட்டு வாங்கணும்னு ஒரு அளவு உண்டு, 3 இடத்துக்கு 10,000 செல்லுற ஓட்டுன்னா 10,000ஐ 4ஆல வகுத்து ஒண்ணு கூட்டணும், 2,501. உங்க 1 வாங்கினவரு தோத்து வெளிய போயிட்டா ஓட்டு வீணாகாது, 2 போட்டவருக்குப் போகும். கீழ எண் போட்டா மேல இருக்குறவருக்கு பாதகம் வரும்னு சிலர் பயப்படுறாங்க, வராது, முதல் ஆளோட கதை முடிஞ்ச பிறகுதான் அடுத்த எண்ணயே பாப்பாங்க. இந்த முறைய எடுத்துடலாமான்னு 1959லயும் 1968லயும் மக்கள்கிட்ட கேட்டாங்க, ரெண்டு தடவையும் வேண்டாம்னுட்டாங்க. எனக்கு இந்த நாட்டுல ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான்.

ஓட்டுச் சீட்டுல உங்க பேரு, கையெழுத்துன்னு எதுவும் எழுதிடாதீங்க, செல்லாம போயிடும். ஓட்டு ரகசியம்ங்கறது அரசியலமைப்பு 16ஆவது பிரிவுலயே இருக்கு. தேர்தலுக்கு முன்னாடி அனுப்புற போலிங் கார்டு தபால்ல வரலன்னாலும் கவலை இல்ல, லிஸ்ட்ல பேரு இருந்து கையில போட்டோ ஐடி இருந்தா போடலாம்.