கிராங்கில் பெடல் மரை போய்விட்டால் சரிசெய்வது எப்படி

சைக்கிளின் அலுமினியக் கிராங்கில், அதாவது பெடல் பூட்டும் கையில், பெடல் மரை பெரும்பாலும் இரண்டு விதமாகத்தான் கெடும். கோணலாக ஏறிய பெடலை ஸ்பேனர் போட்டு வம்பாக முறுக்குவது ஒன்று. சரியாக இறுக்காத பெடலோடு ஓட்டிக்கொண்டே இருப்பது இன்னொன்று. முதல் விதத்தில் வெளிப்பக்கம் இரண்டு மூன்று சுற்றுதான் போயிருக்கும், உள்ளே மீதி மரை நன்றாகவே இருக்கும். இரண்டாவதில் எஃகுத் தண்டு ஆடி ஆடித் துளையையே அகலமாக்கிவிடும். டேப் (மரை வெட்டும் எஃகுக் கருவி) போட்டுக் காப்பாற்ற முடிவது முதல் விதத்தை மட்டும்தான். எனவே துளையை மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கும் பிரஷும் கொண்டு கழுவி, டார்ச் அடித்துப் பாருங்கள். துளை விளிம்பில் முடி போல விரிசல் தெரிந்தால் அந்தக் கிராங்கை மாற்றியே ஆக வேண்டும். கார்பன் கிராங்கிலும் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

பெடல் மரையின் அளவு 9/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 சுற்று. இரண்டு கையும் ஒரே கம்பியாக வரும் ஒற்றைத் துண்டுக் கிராங்க் உள்ள சில சின்ன சைக்கிள்களில் மட்டும் 1/2 அங்குலம். வலது கிராங்கில் சாதாரண மரை, இடது கிராங்கில் எதிர் மரை. ஆகவே டேப்பும் இரண்டு வேண்டும். அவற்றில் ஆர், எல் என்று பொறித்திருக்கும். மோட்டார் சைக்கிள் பட்டறையில் ஸ்பார்க் பிளக் மரைக்கு வைத்திருக்கும் 14 மி.மீ., 1.25 பிட்ச் (அடுத்தடுத்த சுற்றுகளின் இடைவெளி, மி.மீ. கணக்கில்) டேப் பார்க்க இதே போல இருக்கும். அதைத் தொடவே கூடாது. 9/16 என்பது 14.29 மி.மீ., பிட்ச் 1.27. அந்தச் சிறு வித்தியாசமே மிச்சமிருக்கும் நல்ல மரையையும் வழித்துவிடும்.

கிராங்கைக் கழற்றி, இருபுறமும் மரக்கட்டை கொடுத்து வைஸில் பிடியுங்கள். டேப்பை உள்பக்கத்திலிருந்து, அதாவது பிரேம் பக்கத்திலிருந்து விடுங்கள். இந்த வேலையின் உயிர்நாடியே இதுதான். அங்கே மரை கெடாமல் இருப்பதால் டேப் தானாக நேர் பிடித்து, வெளிப்பக்கம் கெட்ட சுற்றுகளைப் பழைய தடத்திலேயே வெட்டிக்கொண்டு போகும். வெளியிலிருந்து தொடங்கினால் ஏற்கெனவே விழுந்த கோணல் தடத்தில்தான் ஏறும். முதல் இரண்டு சுற்றை விரலாலேயே ஏற்றுங்கள். பிறகு எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பின்னே திருப்பாவிட்டால் அலுமினியச் சுருள் பல்லில் அடைத்து மரையைப் பிய்க்கும். இடது கிராங்குக்கு எல்லாமே எதிர்த்திசை.

டேப் கிடைக்கவில்லையா? அதே பக்கத்துப் பழைய எஃகுப் பெடலின் தண்டில், மரைக்குக் குறுக்கே நீளவாக்கில் மூன்று காடி அராவி, அதையே உள்பக்கத்திலிருந்து விடலாம். லேசாக நசுங்கிய மரைக்கு இது போதும்.

கிராங்கின் கனத்தில் மொத்தம் ஒன்பது, பத்து சுற்றுதான் இருக்கும். அதில் மூன்றில் இரண்டு பங்காவது முழுசாகத் தேறினால் நம்பி ஓட்டலாம். சுருள்களைத் துடைத்து, கிரீஸ் தடவி, பெடலைக் கையாலேயே ஏற்றிப் பாருங்கள். கடைசி வரை விரலுக்கு வர வேண்டும், அசைத்தால் ஆடக் கூடாது. பின் 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். 30 செ.மீ. நீள ஸ்பேனர் என்றால் நுனியில் 12 முதல் 14 கிலோ அழுத்தம். கிராங்குக்கு மேலே நிற்கும் ஸ்பேனரை முன்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இரண்டு பக்கமும் இறுகும்.

பெடல் ஆடினால் புஷ் (உள்ளும் வெளியும் மரையுள்ள குழல்) போடுவதுதான் வழி: துளையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, உள்ளே 9/16 மரையுள்ள எஃகு புஷ்ஷை, மரை கழலாமல் பிடிக்கும் சிவப்பு மரைப் பசையோடு திருகுவது. இடது கிராங்குக்கு உள்மரை எதிர் மரையா என்று பார்த்து வாங்குங்கள். இதைக் கை டிரில்லில் செய்யாதீர்கள். துளை ஒரு டிகிரி சாய்ந்தாலும் மிதிக்கும்போது பாதம் தள்ளாடும், முழங்கால் வலிக்கும். நிலை டிரில்லோ லேத்தோ உள்ள பட்டறையில் கொடுங்கள். சிவப்புப் பசை முழுதாகக் கெட்டிப்பட 24 மணி நேரம் விட்ட பிறகே பெடலைப் பூட்ட வேண்டும்.

காட்டர் பின் (கிராங்கை அச்சில் பிடிக்கும் ஆப்பு) போட்ட சாதாரண எஃகுக் கிராங்குக்கும், தனியாகக் கிடைக்கும் மலிவான இடது கிராங்குக்கும் இத்தனை செலவு வேண்டாம், புதிதாகவே மாற்றிவிடுங்கள். பல்சக்கரத்தோடு சேர்ந்து வரும் விலை கூடிய வலது கிராங்குக்குத்தான் புஷ் கட்டுப்படியாகும்.