பனியூர்ப் பயணத்துக்குப் பின்: குளிராடைகளைச் சிங்கப்பூர் வீட்டில் கெடாமல் வைத்திருப்பது எப்படி?

டிசம்பர்ப் பள்ளி விடுமுறையில் ஜப்பானின் ஹொக்கைடோவுக்கோ கொரியாவுக்கோ குடும்பத்தோடு போய் வருவது நம்மவர்களிடையே இப்போது சாதாரணமாகிவிட்டது. கிளம்புமுன் எதை அணிவது, எங்கே வாங்குவது என்று வழிகாட்டப் பலர் இருக்கிறார்கள். திரும்பி வந்தபின் அந்தக் குளிராடைகளை அடுத்த பயணம்வரை எப்படிக் காப்பது என்பதைத்தான் யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை. ஆண்டுக்கு ஏறக்குறைய ஐந்து மீட்டர் பனி பொழியும் ஹொக்கைடோவின் சப்போரோ நகரில் ஒரு குறையும் இல்லாமல் உழைத்த ஜாக்கெட், நம் வீட்டு அலமாரியில் சும்மா தொங்கியே பூஞ்சணம் பிடித்துப் போகிறது. உறைபனியில் நடந்த காலணியின் அடிப்பாகம், ஒருவரும் தொடாமலே பெட்டிக்குள் உதிர்ந்து கிடக்கிறது. ஈசூனில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் பல ஆண்டுகளாகப் பின்பற்றிப் பயன் கண்ட முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில் ஓர் அடிப்படை. ஜாக்கெட்டோடு வரும் குறிப்புகளில் "உலர்ந்த, குளிர்ந்த இடத்தில், காற்றோட்டமான பையில் வைக்கவும்" என்றிருக்கும். அது குளிர்நாட்டு வீடுகளுக்குப் பொருந்தும் அறிவுரை. குளிர்காலத்தில் வெப்பமூட்டிய வீடுகளுக்குள் காற்று தானாகவே வறண்டிருக்கும். சிங்கப்பூரில் காற்றின் ஒப்பு ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் அது 90ஐத் தாண்டுவது வழக்கம். போதாக்குறைக்கு, நாம் பயணம் முடித்துத் திரும்பும் டிசம்பர், ஜனவரி மாதங்கள் வடகிழக்குப் பருவமழை ஓயாமல் பெய்யும் நாள்கள். காற்றோட்டமான பையில் வைத்தால், அந்த ஈரக்காற்றைத்தான் ஆடைக்குள் ஓடவிடுகிறோம். நம் வீட்டில் உலர்ந்த இடம் என்று ஒன்று இயல்பாக இருப்பதில்லை, அதை நாமேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாமே அதற்காகத்தான்.

படி 1: பெட்டியைத் திறந்து பிரித்தெடுத்தல்

வீட்டுக்கு வந்த அன்றே பெட்டியைத் திறந்துவிடுங்கள். களைப்பில் அதை அப்படியே பாம் ஷெல்டருக்குள் (வீட்டிலுள்ள தற்காப்பு அறைக்குள்) தள்ளிவிட்டால், காற்றோட்டம் குறைந்த அந்த அறையில் வியர்வை படிந்த ஆடைக்குப் பூஞ்சணம் வரச் சில வாரங்களே போதும். எல்லாப் பைகளுக்குள்ளும் கைவிட்டுப் பாருங்கள். கையைச் சூடாக வைத்திருக்க உதவும் சிறு பொட்டலங்கள் பெரும்பாலும் உள்பையில் மறந்து கிடக்கும். அவற்றுக்குள் இருப்பது இரும்புத்தூளும் உப்பும் கரித்தூளும். சலவை இயந்திரத்தில் பொட்டலம் கிழிந்தால் அந்தக் கறை எளிதில் போகாது. கம்பளி உள்ளாடைகளைக் கம்பளிக்கான முறையில் குளிர்ந்த நீரில் அலசிக்கொள்ளலாம். யூனிக்லோ ஹீட்டெக் போன்ற செயற்கையிழை உள்ளாடைகளை மற்றத் துணிகளோடு துவைத்தாலே போதும்.

படி 2: டவுன் ஜாக்கெட்டைத் துவைத்தல்

வாத்து அல்லது வாத்தினப் பறவைகளின் அடிவயிற்று மென்தூவியை அடைத்துத் தைத்த ஜாக்கெட்டையே இங்கே குறிப்பிடுகிறேன். தூவிகளுக்கிடையில் சிக்கி நிற்கும் காற்றுதான் நம்மைக் குளிரிலிருந்து காக்கிறது. தூவி கட்டிபட்டுவிட்டால் காற்று தங்க இடமில்லை, ஜாக்கெட் வெறும் நைலான் துணியாகிவிடும்.

சாதாரணச் சலவைத்தூள் தூவியின் இயற்கையான எண்ணெய்ப்பசையை எடுத்துவிடும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். துணியை மென்மையாக்கும் திரவமோ ஒட்டிப் படிந்து தூவியை எழும்பவிடாது. நிக்வாக்ஸ், கிரேஞ்சர்ஸ் ஆகிய நிறுவனங்கள் தூவிக்கென்றே சலவைத் திரவம் செய்கின்றன. விலை சற்று அதிகம் என்றாலும், குடும்பம் முழுவதற்கும் ஒரு குப்பியே போதுமாக இருப்பதால், இதில் சிக்கனம் பார்க்காமல் வாங்கிவிடுங்கள் என்பதே என் கருத்து. இயந்திரத்தின் சோப்புத் தட்டைக் கழற்றி, பழைய சலவைத்தூள் எச்சம் இல்லாமல் கழுவியபின் திரவத்தை ஊற்றுங்கள்.

முன்புறம் திறக்கும் இயந்திரமே நல்லது. மேல்புறம் திறக்கும் இயந்திரத்தில் ஜாக்கெட் காற்றை அடைத்துக்கொண்டு மிதக்கும். நடுவில் தண்டு இருந்தால் தையலும் கிழியலாம். ஜிப், வெல்க்ரோ எல்லாவற்றையும் மூடி, உள்புறத்தை வெளியே திருப்பி, மென்துணிக்கான ஓட்டத்தில், 30 டிகிரி செல்சியஸில் துவைத்து, அலசலை ஒருமுறை கூட்டிக்கொள்ளுங்கள். வெளியே எடுக்கும்போது தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கக்கூடாது. நீர் ஏறிய தூவியின் பாரம் முழுவதும் தையலில் இறங்கும் என்பதால், இரு கைகளாலும் அடியிலிருந்து ஏந்தி எடுக்க வேண்டும். முறுக்கிப் பிழியவே கூடாது.

படி 3: உலர்த்துதல்

என்னை மிகவும் திணறவைத்தது இந்தப் படிதான். மற்றப் படிகளில் சிறு குறை இருந்தாலும் சமாளிக்கலாம்; இதில் குறை வைத்தால் மீதி எல்லாமே வீண் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

உலர்த்தும் இயந்திரம் இருந்தால் மிகக் குறைந்த வெப்பத்தில், சுத்தமான டென்னிஸ் பந்துகள் இரண்டு மூன்றையும் சேர்த்துப் போட்டு ஓடவிடுங்கள். பந்துகள் ஜாக்கெட்டை அடித்து அடித்துத் தூவிக் கட்டிகளைப் பிரிக்கும். அரை மணிக்கொரு முறை நிறுத்தி, ஜாக்கெட்டை எடுத்து, தையல்களுக்கு நடுவில் தூவி அடைத்த ஒவ்வோர் அறையையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தடவிப் பாருங்கள். பட்டாணி அளவில் கட்டி தென்பட்டால் மெல்லப் பிரித்துவிட்டு, உதறி, மறுபுறம் திருப்பிப் போட வேண்டும். தடித்த ஜாக்கெட்டுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம்.

சிக்கல் என்னவென்றால், நைலான் மேல்துணி முதல் ஓட்டத்திலேயே காய்ந்து, கைக்குச் சூடாகவும் மொரமொரப்பாகவும் ஆகிவிடுகிறது. முழுக்க உலர்ந்துவிட்டது என்று விரல் சொல்லும். உள்ளே தூவி ஈரமாகவே இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இருட்டாகத் தெரியும் கட்டிகளைத் தேடும் முறை வெளிர்நிற, மெல்லிய ஜாக்கெட்டுக்குப் பயன்படும். கறுப்பு, கருநீல நிறத்துத் தடித்த ஜாக்கெட்டில் ஒன்றும் தெரியாது.

இதற்கு நான் நம்புவது சமையலறைத் தராசைத்தான். துவைக்குமுன் ஜாக்கெட்டை ஒரு துணிப்பையில் போட்டு எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். உலர்த்தும்போது ஒவ்வோர் அரை மணிக்கும் மறுபடி எடை பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு எடைகளும் ஒன்றாக இருந்து, அவை துவைக்குமுன் இருந்த எடையை ஒட்டியும் இருந்தால்தான் உலர்ந்தது என்று பொருள். எங்கள் வீட்டு ஜாக்கெட் ஒன்று துவைக்குமுன் 640 கிராம். தொட்டுப் பார்த்தால் நன்றாகவே காய்ந்துவிட்டதாகத் தோன்றிய வேளையில் தராசு 700 காட்டியது. அந்த 60 கிராம் என்பது நான்கு மேசைக்கரண்டித் தண்ணீர். அவ்வளவும் தூவிக்குள் ஒளிந்திருந்தது. அந்த நிலையில் மூடி வைத்தால் துர்நாற்றமும் பூஞ்சணமும் நிச்சயம்.

உலர்த்தும் இயந்திரம் இல்லாத வீடுகளே நம்மிடையே அதிகம். புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள சுயசேவைச் சலவைக்கடைக்குக் கொண்டுபோவதே எளிய வழி. அங்குள்ள பெரிய உருளையில் தூவி எழும்ப நிறைய இடம் கிடைக்கும். அதற்கும் வசதிப்படாவிட்டால், ஒரு படுக்கையறையில் குளிர்சாதனத்தை ஈரம் நீக்கும் நிலையில் வைத்து, கதவைச் சாத்தி, கம்பித்தட்டின்மேல் ஜாக்கெட்டைப் படுக்கை வசமாக விரித்து, விசிறியைக் கீழிருந்து வீசவிட்டு, அவ்வப்போது பிரித்துவிட்டுத் திருப்புங்கள். முழுதாக ஓர் இரவும் மறுநாளும் ஆகும், பொறுமை வேண்டும். மூங்கில் கம்பில் கோத்து வெளியே நீட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை. ஈரத்தூவி ஒவ்வோர் அறையிலும் அடியில் போய்த் தங்கிவிடும், கடும் வெயில் நைலானை நைந்துபோகச் செய்யும், டிசம்பர் மழையோ சொல்லிக்கொண்டு வருவதில்லை.

படி 4: உலர்ந்த பெட்டி

மூடியின் உள்விளிம்பில் ரப்பர்ப் பட்டையும் நான்கு புறமும் பூட்டும் கொக்கிகளும் உள்ள ஒளிபுகும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வாங்குங்கள். 50 லிட்டர்ப் பெட்டியில் இரண்டு ஜாக்கெட்டுகளைத் தளர்வாக மடித்து வைக்கலாம், அமுக்கித் திணிக்கக்கூடாது. அதனுள், ஈரத்தை உறிஞ்சும் மணிகளான சிலிக்கா ஜெல்லை அரை கிலோ அளவில் துணிப்பைகளில் பிரித்துப் போட்டு, சிறிய ஈரப்பதமானி ஒன்றை எண்கள் வெளியிலிருந்து தெரியும்படி சுவரோரம் வையுங்கள். எண் 50க்குக் கீழே நின்றால் கவலையில்லை. 60ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்றியாக வேண்டும்.

முந்தைய படியை ஏன் அவ்வளவு வலியுறுத்தினேன் என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். 30 டிகிரியில், 80 விழுக்காட்டு ஈரப்பதத்தில், 50 லிட்டர்க் காற்றில் இருக்கும் நீர் ஒரு கிராமைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். பெட்டிக்குள் சிக்கும் காற்றால் ஆகும் கெடுதல் அற்பம். ஆடைக்குள் தங்கிய ஈரம்தான் ஜெல்லின் கொள்ளளவில் பெரும்பங்கை முதல் வாரத்திலேயே தீர்த்துவிடும்.

நிறம் மாறும் ஜெல்லில், ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாறும் வகையையே வாங்குங்கள். நீலத்திலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறும் பழைய வகையில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது வேண்டாம். நிறம் மாறிய மணிகளைத் தட்டில் பரப்பி, வெதுப்படுப்பில் (oven) 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடியும் பயன்படுத்தலாம். தர்ஸ்டி ஹிப்போ போன்ற, நீரை அடியில் சேகரிக்கும் டப்பாக்கள் திறந்த அலமாரிக்கு ஏற்றவை. இந்தப் பெட்டிக்குள் அவற்றை வைக்காதீர்கள். அதில் சேர்வது கால்சியம் குளோரைடு கரைந்த உப்புநீர். கவிழ்ந்தால் துணியும் தோலும் கெட்டுவிடும்.

படி 5: காலணி

பனியை உருக்கத் தூவும் உப்பு, காலணியில் வெள்ளைக் கோடுகளாகப் படிந்திருக்கும். வினிகரையும் தண்ணீரையும் சமமாகக் கலந்து, துணியில் நனைத்துத் துடைத்தால் போய்விடும். உள்தகட்டை உருவி எடுத்து, பழைய தமிழ் முரசுத் தாள்களைச் சுருட்டி உள்ளே திணித்து, நாள்தோறும் தாளை மாற்றி, நிழலில் உலரவிடுங்கள்.

அடிப்பாகம் உதிர்வதற்குக் காரணம் பாலியூரித்தேன். பல பனிக்காலணிகளின் நடுத்தட்டு இந்த நுரையால் ஆனது. காற்றிலுள்ள நீராவி இதன் மூலக்கூறுகளை மெல்ல மெல்ல உடைத்துக்கொண்டே இருக்கும். நீராற்பகுப்பு எனப்படும் இந்த வினை, வெப்பமும் ஈரமும் கூடிய நம் ஊரில் இன்னும் விரைவாக நடக்கும். காலணியை அணியாமலே வைத்திருந்தாலும் இது நிற்பதில்லை. செயற்கைத்தோல் உரிவதற்கும், சில மழைச்சட்டைகளின் உள்பூச்சு பிசுபிசுப்பதற்கும் இதுவே காரணம். முழுமையாகத் தடுக்க வழியில்லை, தள்ளிப்போடத்தான் முடியும். ஆகவே வாங்கும்போதே ஈவிஏ என்ற வேறு வகை நுரையும் ரப்பர் அடித்தகடும் கொண்ட காலணியைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே போகிறவர்கள் விலையுயர்ந்த காலணி வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பது மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

காலணியை ஜாக்கெட் பெட்டிக்குள் வைக்காமல், காற்று நடமாடும் அறையில் திறந்த தட்டில் வையுங்கள். அடுத்த பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே அதை அணிந்து புளோக்கைச் சுற்றி நடந்து பாருங்கள். நடுத்தட்டைக் கட்டைவிரலால் அழுத்தும்போது வெடிப்போ பிசுபிசுப்போ தெரிந்தால் அதை நம்பிப் போகவேண்டாம். உறைந்த நடைபாதையில் அடிப்பாகம் கழன்றால் எலும்பு முறிவில் போய் முடியும்.

பிற்சேர்க்கை

இதைப் படித்த சிலர் எழுதிக் கேட்டவற்றுக்கான விடைகளை இங்கே சேர்க்கிறேன்.

சலவைக்கடையில் உலர்த்தியபோது கைப்பகுதி சுருங்கிவிட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். அத்தகைய கடைகளின் இயந்திரங்கள் மிகுந்த சூட்டில் ஓடக்கூடியவை. மிகக் குறைந்த வெப்பத்தைத் தேர்ந்தெடுத்து, முதல் ஐந்து நிமிடத்திலேயே கதவைத் திறந்து துணியைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடென்றால் அந்த இயந்திரம் வேண்டாம்.

அந்துருண்டை போடலாமா என்று பலர் கேட்டிருந்தார்கள். அந்துப்பூச்சியின் புழு தூவியையும் கம்பளியையும் தின்பது உண்மைதான்; ஆனால் துவைத்து, நன்கு உலர்த்தி, இறுக மூடிய பெட்டிக்குள் அது நுழைய வழியில்லை. முக்கியமாக, ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைந்திருப்பது) உள்ள குழந்தைகளுக்கு, அந்துருண்டைகள் பலவற்றில் இருக்கும் நாஃப்தலீன் இரத்த அணுக்களைச் சிதைக்கக்கூடியது. சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்கு இக்குறைபாடு பரிசோதிக்கப்படுவதால் பெற்றோர் பலருக்கு இது தெரிந்திருக்கும். உங்கள் வீட்டில் அப்படிப்பட்ட குழந்தை இல்லாவிட்டாலும், அந்த ஆடையை நாளைக்கு இன்னொரு வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்க நேரலாம். எங்கள் வீட்டில் அந்துருண்டையை அறவே விட்டுவிட்டோம்.

காற்றை உறிஞ்சிச் சுருக்கும் பைகளைப் பயணப்பெட்டிக்குள் சில நாள்கள் பயன்படுத்துவதில் தவறில்லை. மாதக்கணக்கில் அமுக்கி வைத்தால் தூவி பழையபடி எழும்பாது.

பெட்டிக்குள் ஜெல் ஒரே வாரத்தில் பச்சையாகிவிடுகிறது என்ற கேள்வியும் வந்தது. ஜாக்கெட் நன்றாக உலர்ந்துதான் இருந்தது என்றால், கோளாறு மூடியில்தான். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துப் பூட்டி, மெல்ல இழுத்துப் பாருங்கள். நான்கு புறமும் இதைச் செய்யுங்கள். எந்த இடத்திலாவது காகிதம் தடையின்றி உருவிக்கொண்டு வந்தால் அங்கே ரப்பர்ப் பட்டை பிடிக்கவில்லை என்று பொருள். பட்டையைக் கழற்றித் துடைத்து மறுபடி பொருத்தியும் சரிவரவில்லை என்றால், அந்தப் பெட்டியைப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களுக்குக் கொடுத்துவிட்டு, குளிராடைக்கு வேறு பெட்டி வாங்கிவிடுங்கள்.