பாலைநில நீர்த்தேக்கக் கரையில் ஆர்.வி.யோடு இலவசமாகத் தங்க: முதல் முறை போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் கிழக்கு ஒரேகான் ஒரு மேட்டுப் பாலைநிலம். மணல்மேடாகவே கிடக்கும் பாலைவனம் அல்ல. கண்ணுக்கு எட்டிய வரை சாம்பல் பூத்த பச்சையில் சேஜ்பிரஷ் புதர், நடுவே அணை கட்டித் தேக்கிய தண்ணீர். சுற்றியுள்ள நிலத்தில் பெரும்பகுதி மத்திய அரசின் நில மேலாண்மைத் துறையான பி.எல்.எம். வசம் இருக்கிறது. தடை இல்லாத இடங்களில் ஆர்.வி.யை, அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ள வண்டியை, நிறுத்தி வாடகையும் முன்பதிவும் இல்லாமல் தங்கலாம். குழாய், கரண்ட், கழிப்பறை எதுவும் இருக்காது.

1. யார் நிலம் என்று பாருங்கள்

கரையோரத்தில் அரசு நிலமும் தனியார் பண்ணையும் மாறி மாறி வரும். நில உரிமை காட்டும் மேப்பை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சிக்னல் கிடைக்காது. அரசு நிலத்திலும் எல்லா இடத்திலும் தங்க முடியாது. ஒவைஹீ நீர்த்தேக்கத்தின் லெஸ்லி கல்ச் பள்ளத்தாக்கில், ஸ்லோகம் க்ரீக் முகாமில் மட்டும்தான் அனுமதி. பி.எல்.எம். வட்டார அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, மண் ரோட்டின் நிலை, நெருப்புத் தடை, தங்கும் நாள் கணக்கு மூன்றையும் கேட்டுவிடுங்கள். பொதுவாக 28 நாளுக்குள் 14 நாள்தான்.

2. தொட்டிகள்

நல்ல தண்ணீர்த் தொட்டியைக் கடைசி ஊரிலேயே நிரப்புங்கள். குடிக்க மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். கழிவுத் தொட்டிகள் இரண்டும் (கழுவிய தண்ணீருக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று) காலியாக இருக்கட்டும். பாத்திரம் கழுவிய தண்ணீரையும் மண்ணில் விடாதீர்கள்.

3. இறங்கி நடந்து பாருங்கள்

புதிதாக வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். இந்த அணைகளில் பல பாசனத்துக்காகக் கட்டியவை. 1932இல் கட்டி முடித்த ஒவைஹீ அணையின் தண்ணீர் வெங்காய வயல்களுக்குப் போகிறது. கோடை முழுக்கத் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆகஸ்ட்டில் நீங்கள் பார்க்கும் அகலமான, சமதளமான கரை உண்மையில் ஏரியின் படுகை. நம்மூர்க் கண்மாயில் கரம்பை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்குமே, அதேதான். மேலே காய்ந்த ஓடு, அடியில் களி.

எங்கள் முதல் பயணத்தில் தண்ணீருக்குப் பக்கத்தில் நிறுத்தும் ஆசையில் அப்படி ஒரு தரையில் இறக்கினோம். முன் சக்கரங்கள் தாண்டிவிட்டன; அந்தக் காய்ந்த ஓடு உடைந்து பின் சக்கரம் அச்சு வரை புதைந்தது. இழுவை வண்டி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

அதனால் பகல் வெளிச்சத்திலேயே போய்ச் சேருங்கள். ரோட்டோரம் நிறுத்திவிட்டு, நீளமான டென்ட் ஆணியோடு நடங்கள். சக்கரம் போகும் தடத்தில் நாலைந்து இடத்தில் குத்திப் பாருங்கள். சரளையில் முட்டி நின்றால் நல்லது. வழுக்கிக்கொண்டு இறங்கி, உருவும்போது ஈரக் களி ஒட்டி வந்தால் அங்கே போகாதீர்கள். புதர் வளர்ந்திருக்கும் வரம்புக்கு மேலே, ஏற்கெனவே வண்டி நின்ற தடம் உள்ள இடமே சரி. தண்ணீரிலிருந்து 200 அடியாவது தள்ளி இருங்கள். மான்களும் பறவைகளும் குடிக்க வருவது அந்தக் கரைக்குத்தான்.

4. நிறுத்துவது

சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து வண்டியைச் சமப்படுத்துங்கள். காற்று வரும் திசைக்கு வண்டியின் முன்பக்கம் இருக்கட்டும். மதியத்துக்கு மேல் காற்று திடீரென்று எழும்பும். பக்கவாட்டுப் பந்தலை விரித்துவிட்டு நடக்கப் போகாதீர்கள்.

5. சமையலும் இரவும்

1,300 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். பருப்பு திறந்த பாத்திரத்தில் வேக வெகு நேரமாகும், குக்கரை மறக்காதீர்கள். கோடையில் விறகு மூட்டத் தடை வருவது வழக்கம் என்பதால் கேஸ் அடுப்பை நம்பிப் போவதே நல்லது. ஜூலையிலும் விடியற்காலை ஸ்வெட்டர் வேண்டும்.

6. தண்ணீரில் இறங்கும் முன்

பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் படலம் தெரிந்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதன் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. நாய் கூட வந்தால் கயிற்றை விடவே விடாதீர்கள். அது தண்ணீரைக் குடிப்பதோடு, உடம்பில் ஒட்டியதையும் நக்கும்.

7. கிளம்பும்போது

குப்பை முழுவதும் வண்டியில் ஏறட்டும், வெங்காயத் தோல் உட்பட. கழிவுத் தொட்டிகளைக் காலி செய்யும் நிலையம் எந்த ஊரில் இருக்கிறது என்று வரும் வழியிலேயே பார்த்து வைத்திருந்தால், திரும்பும்போது நேராக அங்கே போய்விடலாம்.