மணாலி – லே சாலையில் சைக்கிள்: இரண்டு பேராகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இமாசலப் பிரதேசத்தின் மணாலியிலிருந்து ரோஹ்தாங் கணவாய் வழியாக லடாக்கின் லே வரை ஏறத்தாழ 475 கிலோமீட்டர். ஏற்காடு, கொல்லிமலை என்று வாரக்கடைசியில் ஏறி இறங்கிப் பழகிய நண்பர்கள் இருவர் இதை எப்படிக் கணக்குப் போடுவார்கள்? ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டர், ஆறு நாள், ஏழாம் நாள் லேயிலிருந்து விமானம். டிக்கெட்டும் எடுத்தாயிற்று. தவறு அங்கேயே ஆரம்பிக்கிறது.

இந்தச் சாலையில் நாளைப் பிரிக்க வேண்டியது ராத்திரி எந்த உயரத்தில் தூங்கப் போகிறோம் என்பதை வைத்துத்தான். தமிழ்நாட்டின் உச்சியான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். இந்த வழியில் தங்கும் ஊர்களில் கேலாங் 3,080 மீட்டர், பாங் ஏறத்தாழ 4,600. கடைசிக் கணவாயான தங்லங் லா 5,300 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். கொல்லிமலையில் எழுபது வளைவும் நிற்காமல் ஏறியவருக்கும் இந்த விஷயத்தில் சலுகை கிடையாது. நல்ல கால் பலம் உள்ளவர்தான் வேகமாக உயரம் ஏறி, முதலில் படுத்துக்கொள்வார்.

மருத்துவர்கள் சொல்லும் பொது விதி எளிமையானது. 3,000 மீட்டரைத் தாண்டியபின் தூங்கும் உயரம் ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும். ஆனால் பெரும்பாலோர் போடும் திட்டத்தில் ஜிஸ்பாவில் (3,200) ஒரு ராத்திரி, அடுத்தது சர்ச்சுவில் (4,290). ஒரே தாவலில் ஆயிரம் மீட்டருக்கு மேல்! காரில் போகிறவர்களே சர்ச்சுவில் விடியவிடியத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இதனால்தான். கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ ஒரு நாள் கூடுதலாகத் தங்கி, பிறகு பட்சியோ, ஜிங்ஜிங்பார் என்று சின்னச் சின்னதாக ஏறினால் உடம்பு பழகிக்கொள்ளும். டெல்லியிலிருந்து ராத்திரி பஸ்ஸில் மணாலி வந்து, அன்றைக்கே பெடலை மிதிப்பதும் வேண்டாத அவசரம்.

சர்ச்சுவில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வரைபடத்தைப் பார்த்தால் சட்டென்று புரியாது. உயரத்தில் காற்று குறைவதால் வரும் உயர நோய்க்குச் சரியான மருந்து கீழே இறங்குவது. சர்ச்சுவிலிருந்து கீழே இறங்கவே முடியாது. பின்னால் போனால் 4,800 மீட்டருக்கு மேல் பாரலாச்சா லா கணவாய். முன்னால் போனால் கட்டா லூப்ஸின் 21 வளைவுகள், நக்கீ லா, அதைத் தாண்டினால் 5,000 மீட்டரைக் கடக்கும் லாச்சுலுங் லா. தங்லங் லாவைக் கடந்து ரும்ட்சே பக்கம் இறங்கும் வரை சாலை 4,000 மீட்டருக்குக் கீழே வருவதே இல்லை. அதாவது சர்ச்சுவில் உடம்பு கெட்டால், இறங்குவதற்கு முன் ஏற வேண்டும். அதனால் போகலாமா திரும்பலாமா என்ற முடிவைப் பாரலாச்சாவுக்கு முன்பே, ஜிங்ஜிங்பாரில் எடுத்துவிட வேண்டும். அங்கிருந்து டார்ச்சாவுக்கும், மருத்துவமனை இருக்கும் கேலாங்குக்கும் சாலை இறக்கம்தான். லேசான தலைவலியோடு "சர்ச்சு போய்ப் பார்த்துக்கலாம்" என்பதுதான் இந்த வழியில் செய்யக்கூடிய பெரிய தவறு.

இந்த இடத்தில்தான் கூட வரும் நண்பர் உதவியாகவும் இருப்பார், தொல்லையாகவும் இருப்பார். நட்பு என்பதால் ஒருவர் உடம்பு சரியில்லாததை மறைப்பார், இன்னொருவர் கேட்க மாட்டார். ஜிங்ஜிங்பார் கூடாரக் கடையில் பருப்பும் சோறும் வந்திருக்கிறது. காலையிலிருந்து இரண்டு பிஸ்கட் மட்டும் தின்ற ஆள், கரண்டியால் சோற்றைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே இருக்கிறார். "பசிக்கல மச்சி, நீ சாப்பிடு." அறுபது கிலோ எடையுள்ள சைக்கிளைத் தள்ளியது போலக் களைத்த ஒருவருக்குப் பசிக்கவில்லை என்றால் அது கூச்சமல்ல, அறிகுறி. தலைவலியோடு பசியின்மை, குமட்டல், தூக்கமின்மை சேர்ந்தால் அதற்குமேல் அன்றைக்கு ஏறக் கூடாது. முன் காலின் குதிகால் பின் காலின் விரலைத் தொடும்படி நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள்; தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, ராத்திரியோ பகலோ, கிடைத்த வண்டியில் ஏற்றிக் கீழே கொண்டுபோக வேண்டிய நேரம் அது. சைக்கிள் கிடக்கட்டும்.

கிளம்புவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது: காலையும் இரவும் ஒருவரை ஒருவர் தலைவலி, பசி, தூக்கம் கேட்க வேண்டும், ஒருவர் "திரும்பலாம்" என்றால் மற்றவர் வாதாடக் கூடாது. மலை மேல் போய் இதைப் பேச ஆரம்பித்தால் சண்டையில்தான் முடியும். உயர நோயைத் தடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை வேண்டுமா என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தூக்கம் வரவில்லையே என்று சரக்கோ தூக்க மாத்திரையோ போடுவது விபரீதம்.

அப்புறம் வேகம். ஏற்றத்தில் இருவரும் ஒட்டிக்கொண்டே மிதிப்பது நடக்காத காரியம், தேவையும் இல்லை. மெதுவாகப் போகிறவரை வேகமாக ஓட்டவைத்தால் அவர் மூச்சு கெடும். வேகமானவரை இழுத்துப் பிடித்தால் அவர் பொறுமை கெடும். அவரவர் வேகத்தில் போய், ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மைல்கல்லில் நின்று காத்திருப்பது ஒத்துவரும். காத்திருந்தவர், பின்னால் வந்தவரின் கால் தரையில் பட்டதுமே "சரி, கிளம்பலாமா?" என்று மிதித்துவிடக் கூடாது. அவருக்கும் ஓய்வு வேண்டாமா?

இந்த இடைவெளியால் பையை எப்படிப் பிரிக்கிறோம் என்பதும் முக்கியமாகிறது. எடையைப் பாதிப் பாதியாகப் பிரிப்பதாக நினைத்து, பம்பும் டூல்ஸும் ஒருவரிடம், டியூபும் பஞ்சர் பசையும் இன்னொருவரிடம் என்று வைத்துக்கொள்வார்கள். கட்டா லூப்ஸில் பின்னால் வருகிறவருக்குப் பஞ்சர். பம்பு நான்கு வளைவு மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. கத்தினாலும் காற்றில் கேட்காது, போனில் சிக்னலும் கிடையாது. பஞ்சர் சாமான், தண்ணீர், ஒரு வேளைத் தீனி, குளிருக்கு ஒரு ஜாக்கெட் — இவை இருவரிடமும் தனித்தனியாக இருந்தே ஆக வேண்டும். டெண்ட், அடுப்பு, மருந்துப் பெட்டியைப் பங்கு போடலாம். ஊரிலேயே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: இரண்டு சைக்கிளின் வால்வும் ஒரே வகைதானா, டியூப் அளவு ஒன்றா. ஒருவரிடம் பிரெஸ்டா, மற்றவரிடம் ஷ்ரேடர் என்றால் பம்பு இரண்டுக்கும் பொருந்த வேண்டும். கேலாங்குக்கு முன்னால் டண்டியில், அடுத்த பெட்ரோல் பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி என்று பலகை வைத்திருந்தார்கள். நமக்குப் பெட்ரோல் தேவையில்லைதான். ஆனால் பெட்ரோலே கிடைக்காத இடத்தில் பிரேக் பேடும், பின் கியரைத் தாங்கும் டிரெய்லியர் ஹேங்கரும் எங்கே கிடைக்கும்? கையோடு கொண்டுபோங்கள்.

இறக்கத்தில் தவறுகள் வேறு மாதிரி. பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திப் பிடித்தபடியே இறங்கினால் சூடேறிப் பிடிமானம் குறையும். வளைவுக்கு முன் பிடித்து, நேர்ச்சாலையில் விட்டு, முன் பின் இரண்டையும் பயன்படுத்தி இறங்க வேண்டும். ஒருவர் பின் சக்கரத்தை இன்னொருவர் ஒட்டிப் போகவே கூடாது. எதிரே டேங்கர் லாரி வளைவை அடைத்துக்கொண்டு வரும், முன்னால் போகிறவர் சட்டென்று நிற்பார். ஏறும்போது நனைந்த பனியனோடு அப்படியே இறங்கினால் பத்து நிமிடத்தில் விரல் மரத்துப்போய் பிரேக்கையே அழுத்த வராது. கணவாய் உச்சியில் போட்டோவுக்கு முன் ஜாக்கெட்டும் கையுறையும்.

சாலையைக் குறுக்கே கடக்கும் நாலாக்களை மத்தியானத்துக்கு விட்டுவைப்பதும் வழக்கமான பிழை. அவை பனி உருகி வரும் தண்ணீர். வெயில் ஏற ஏறப் பெருகும். காலையில் கணுக்கால் அளவில் இருந்தது பிற்பகலில் முழங்கால் தாண்டும். எதிர்க்காற்றும் பிற்பகலில்தான் வலுக்கும். பாங்குக்கு மேலே மோரே சமவெளி ஏறத்தாழ 40 கிலோமீட்டர், மேடு பள்ளம் அதிகமில்லாத நேர்ச்சாலை. ஆனால் காற்று எதிரே அடித்தால் ஏற்றத்தைவிட அதுதான் ஆளைக் கொல்லும். விடிந்ததும் கிளம்பி, ஒன்று இரண்டு மணிக்குள் அன்றைய ஓட்டத்தை முடித்துவிடுவது இரண்டுக்கும் தீர்வு.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். சீசனில் சர்ச்சு, பாங் போன்ற இடங்களில் கூடாரக் கடைகள் இருக்கும். மேகி, ஆம்லெட், பருப்பு சோறு, டீ கிடைக்கும். படுக்கையும் உண்டு. ஆனால் செப்டம்பர் கடைசியில் ஒவ்வொன்றாகச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். சொந்தமாகச் சமைக்கலாம் என்று அரிசி தூக்கிக்கொண்டு போகாதீர்கள்: பாங்கில் தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் சோறு வேகவே வேகாது. அவல், ஓட்ஸ் புத்திசாலித்தனம். பணம் ரொக்கமாக இருக்கட்டும். கேலாங்கை விட்டால் லே பக்கம் போகும் வரை ஏடிஎம்மை நம்ப முடியாது. வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது. இருவரில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்ட் வேண்டும்.

திரும்பும் டிக்கெட்டுக்கு வருவோம். மண்சரிவோ பாரலாச்சாவில் திடீர்ப் பனியோ வந்தால், ஜூலையிலும்கூட, சாலை ஓரிரு நாள் மூடப்படலாம். விமானத் தேதி கழுத்தை நெரித்தால், தலைவலியோடு ஏறுவது, மாலையில் நாலா கடப்பது என்று மேலே சொன்ன தவறுகள் எல்லாமே வரிசையாக வந்து சேரும். ஓய்வு நாட்கள் போக, இரண்டு மூன்று நாளாவது சும்மா விட்டுத் தேதி குறியுங்கள். லேயில் சைக்கிளைப் பெட்டியில் அடைக்க அரை நாள் ஆகும். மிச்சமிருக்கும் அடுப்பு கேஸ் கேனை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். அங்கிருந்து மணாலிப் பக்கம் கிளம்பும் சைக்கிள்காரர் யாராவது கண்ணில் பட்டால் கொடுத்துவிடலாம்.